மூன்றாவது ஃபேடர்

மணிக்கட்டை இரண்டு பக்கமும் மடக்கிப் பார்த்த டாக்டர்
மவுசைக் கொஞ்ச நாள் மறந்துவிடச் சொன்னார்.
வைகாசியில்,
பதினாறு கல்யாணம் டிஸ்க்கில் வரிசை கட்டி நிற்கும்போது.

சத்துவாச்சாரி, இரண்டாம் மாடி.
ஒரு மேசை, இரண்டு திரை.
இந்தப் பக்கம் ஒலி, நான்.
அந்தப் பக்கம் நிறம், இம்ரானா.
நடுவில் ஒன்றே முக்கால் அடி இடமும்
முப்பத்தெட்டாயிரம் ரூபாயும்.

அவளுக்கு வேண்டியது மூன்று உருளைப் பந்து.
நிழலுக்கு, நடுவுக்கு, வெளிச்சத்துக்கு.
"பொண்ணு ஏன் மஞ்சளா இருக்கான்னு
உங்களையா கேக்கறாங்க?"
நியாயம்தான்.

எனக்கு வேண்டியது ஃபேடர்.
மவுசால் ஒரு தாலி கட்டும் நேரத்தைக் கலப்பது
பட்டா நிலத்துக்கு எல்லைக்கல் நடுகிற வேலை.
புள்ளி வை, கோடு இழு, தள்ளி நின்று பார்,
மறுபடி புள்ளி.
தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊருக்கு ஒரு கேலி உண்டு.
அதன் வாலில் இதையும் கட்டிவிடலாம்:
கை படாத கலவை.

ஒற்றை ஃபேடர் பெட்டி ஒன்று பார்த்தேன், புதுசு.
நாயனத்தை ஏற்றிய விரல்
திரும்பி வந்து ஐயரைத் தேடுவதற்குள்
மந்திரம் முடிந்துவிடும்.
மோட்டார் இல்லாத எட்டு, இன்னும் மலிவு.
திரையில் கோடு ஓரிடம், கையில் பிடி வேறிடம்,
ஒரே வீட்டில் இரண்டு கடிகாரம்.
மோட்டார் வைத்த எட்டின் விலையை
இம்ரானாவுக்குத் தெரியாமல் பார்த்தேன்.

அப்புறம்தான் ஆம்பூர்.
பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டும்வரை
மனசுக்குள் பேரம் பேசிக்கொண்டே போனேன்.
சாலமோன் பிரபாகருக்குக் கத்தார் டிக்கெட் வந்தாயிற்று.
பாதி மூட்டை கட்டிய அறை.
கேபிளைச் செருகினார்.
எட்டும் ஒருசேர உச்சிக்கு ஏறி, அடிக்கு இறங்கி,
அவருடைய கடைசிக் கல்யாணத்தின் இடங்களில்
தாமாகவே போய் நின்றன.
ஏழுதான்.
மூன்றாவது பாதி வழியில் நடுங்கி நின்றது,
கடன் கேட்க வந்தவன் வாசலில் நிற்பதுபோல.

"மூணாவதுல எப்பவும் மேளம்தான் சார்.
ஒன்பது வருஷம், கீழ இழுத்து இழுத்து
அதுக்கே சலிச்சுப் போச்சு."
மறைக்கவில்லை. இரண்டாயிரம் குறைத்தார்.
இருபத்தாறு.

பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.
"ஆர்மோனியமா?" என்றார் கண்டக்டர்.
அந்த வகைதான் என்றேன்.
லக்கேஜ் போட்டுவிட்டார்.

மீதிப் பன்னிரண்டை இம்ரானா
பிஸ்கட் டப்பாவில் போட்டு
மூடிமேல் மார்க்கரால் எழுதினாள்: பந்து.

அன்றிரவு குடியாத்தம் கல்யாணம்.
ஒன்றில் நாயனம், இரண்டில் ஐயர்,
மேளத்தை நாலுக்கு மாற்றினேன்.
மூன்றுக்கு என்ன கொடுப்பது?
ஆட்கள் வருவதற்கு முன்
காலி மண்டபத்தை அரை நிமிடம் பதிவு செய்வது
என் வழக்கம்.
ஒரு ஃபேனின் கிறீச்.
நாற்காலி விரிக்கும் சத்தம்.
பந்திப் பக்கம் யாரோ கரண்டியைத் தவறவிட்டது.
எல்லாவற்றுக்கும் அடியில் அது ஓட வேண்டும்.
இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டும்
கிரீன் சர்க்கிள் பள்ளம்போல் தூக்கிப் போடும்.
ஒருமுறை வைத்தால் போதும், தொடவே வேண்டாம்.
மூன்றாவதை விரலால் தள்ளி,
அரை அங்குலம் ஏற்றி, விட்டேன்.

கெட்டிமேளம் வந்தது.
நாலை மெல்ல இறக்கினேன்,
மூச்சுக்கு மூச்சு, திரையைப் பார்க்காமல்.
மேளத்துக்கு அடியிலிருந்து
பெண்ணின் அப்பா எதற்கோ தொண்டையைச் செருமுவது
மேலே வந்தது.

பாதி முகத்தில் மஞ்சள் துடைத்துக்கொண்டிருந்த இம்ரானா
கையை நிறுத்தினாள்.
"இப்ப எதை ஏத்தினீங்க?"

ஏற்றவில்லை.
நாலை இன்னும் கொஞ்சம் இறக்கினேன்.
இனி இது தேயும்.